அடுத்த சுத்துல வர்றேன்

சென்னையில் என் ஆபீஸ் சாலைக்கு அந்தப் பக்கம் இருக்கிறது. நான் இந்தப் பக்கமாக வருகிறேன். நடுவில் இடுப்பளவு மதில். எதிரே தெரிகிற ஆபீஸுக்குள் நுழைய, நேராக ஒன்றரை கிலோமீட்டர் போய், யூ டர்ன் அடித்து, மறுபடி ஒன்றரை கிலோமீட்டர் வர வேண்டும். என் கூட வருகிறவர்கள் எல்லாம் ஹெல்மெட்டுக்குள் திட்டிக்கொண்டே திரும்புவார்கள். எனக்கு மட்டும் அந்த இடத்தில் சிரிப்பு வரும். மாவக்காவை நினைத்துக்கொள்வேன். எங்களுக்காவது நடுவில் மதில் இருக்கிறது. அவளுக்கு எதுவுமே கிடையாது, வெறும் ரோடுதான். திரும்ப நினைத்தால் திரும்பிவிடலாம். அவள் திரும்ப மாட்டாள்.

திருவண்ணாமலையில் செங்கம் ரோட்டில், ஆசிரமத்துக்குக் கொஞ்சம் தள்ளி, ஒன்பது அறைகள் கொண்ட ஒரு கெஸ்ட் ஹவுஸில் நான் நான்கு வருஷம் சமையல் பார்த்தேன். எங்களுக்கு டிபனுக்கு மாவு கொண்டு வந்தவள்தான் மாவக்கா. நாற்பதைத் தாண்டியவள், கல்யாணம் ஆகாதவள், அப்பா அம்மா இல்லாதவள். சொந்தப் பெயர் ஒன்று இருந்தது. பிற்பாடு கல்யாணப் பத்திரிகையில் அதைப் படித்துவிட்டு, "இது யாருக்கா?" என்று அவளிடமே கேட்டேன். மலைக்கு அந்தப் பக்கம் அடி அண்ணாமலையில் வீடு. அங்கேயே கிரைண்டர் போட்டு அரைத்து, ஒரு கிழட்டு மொபெட்டில் முன்னால் இரண்டு கேன், பின்னால் ஒரு கூடை நிறைய பாக்கெட் என்று ஏற்றிக்கொண்டு மலையைச் சுற்றி வந்து மாவு போடுவாள்.

மலையைச் சுற்றிப் பதினான்கு கிலோமீட்டர் ரோடு. கிரிவலம் நடப்பவர்கள் மலை தங்கள் வலது கைப் பக்கம் இருக்கும்படிதான் சுற்றுவார்கள். அது ஊருக்கே தெரியும். ஆனால் அந்தச் சட்டம் சாமி கும்பிடச் சுற்றுகிறவர்களுக்கு. பால் வாங்கப் போகிறவனுக்கும் பஸ் பிடிக்க ஓடுகிறவனுக்கும் கிடையாது. மாவக்காவுக்கு மட்டும் உண்டு. எங்கே போனாலும், எதற்குப் போனாலும், மலை அவளுடைய வலது கைப் பக்கம் இருந்தாக வேண்டும்.

"இன்னாக்கா இது வேண்டுதலா?" என்று ஒரு முறை கேட்டேன்.

"வேண்டுதலும் இல்ல, ஒண்ணும் இல்ல. வூட்டுக்கு வந்தவங்களுக்கு இடது கையால தண்ணி குடுப்பியா நீ?"

"மாட்டேன்."

"அவ்ளோதான். இம்மாம் பெரிய மலைய இடது கைப் பக்கம் வுட்டுட்டு எப்பிடிடா போறது?"

"அப்ப எதிர்ல வர்ற பஸ்ஸு, லாரி எல்லாம்?"

"அவங்க வூட்ல சொல்லிக் குடுத்து வளக்கல," என்றாள்.

இதனால் ஏற்பட்ட முதல் தொல்லை மாவு புளிக்கிற தொல்லை. விடிகாலையில் வீட்டை விட்டுக் கிளம்பி, வடக்குப் பக்கமாக வந்து, டவுனுக்குள் நுழைந்து, பெரிய கோயிலைத் தாண்டி, செங்கம் ரோட்டில் எங்களிடம் வந்து, அப்படியே மேற்கே சுற்றி வீட்டுக்குப் போவாள். வழியெல்லாம் வேகத்தடை. மாவு குலுங்கக் குலுங்க, வெயில் ஏற ஏற, புளிப்பும் ஏறிக்கொண்டே வரும். ஆகவே வடக்குப் பக்கத்து ஜனங்களுக்கு இட்லி. டவுன்காரர்களுக்கு தோசை. செங்கம் ரோட்டுக்காரர்களான எங்களுக்கு ஊத்தப்பம். எங்களுக்கும் அப்பால் மேற்கே இருந்தவர்கள் பணியாரம் மட்டுமே சாப்பிட்டு வாழ்ந்தார்கள். எங்கள் மெனு கார்டில் இட்லி என்று அச்சடித்திருந்த இடத்தில் முதலாளி கடைசியில் ஸ்டிக்கர் ஒட்டி மறைத்தார்.

"ஒரு நாள் எங்க பக்கமா மொதல்ல வரக்கூடாதாக்கா?"

"அதுக்கு நான் உங்க பக்கத்து வூட்டுக்குக் குடி வரணும். வர்றதுக்கு ரெடி. கிரைண்டர யாரு தூக்கறது?"

யாராவது எதையாவது பின்னாலிருந்து கேட்டால் அவள் சொல்லும் பதில் ஒன்றுதான்: "அடுத்த சுத்துல வர்றேன்." ஒரு நாள் மாவு வாங்கிய ஐந்தாவது நிமிஷம், திடீரென்று எட்டு பேர் டிபனுக்கு உட்கார்ந்துவிட்டார்கள். வெளியே ஓடிப் பார்த்தால், ஐம்பது அடி தள்ளிப் பூக்கடையில் வண்டியை நிறுத்திப் பேசிக்கொண்டிருக்கிறாள்.

"அக்கா! இன்னும் நாலு பாக்கெட்டு!"

"அடுத்த சுத்துல வர்றேன்டா!"

அடுத்த சுற்று என்றால் மறுநாள் காலை. கரண்டியும் கையுமாக நான்தான் ஓடினேன். பாக்கெட்டை நீட்டிவிட்டு அவள் என்னை ஏற இறங்கப் பார்த்தாள். "இப்ப நீ திரும்பிப் போறது தப்பு வழி. சின்னப் பையன்னு மலை மன்னிச்சிடும், போ." எனக்கு அப்போது இருபத்தெட்டு வயது.

ஆனால் அவளுடைய சட்டத்தில் ஒரு சலுகை இருந்தது. பேச்சு சுவாரஸ்யத்தில் ஒரு வீட்டைத் தாண்டிப் போய்விட்டால், வண்டியைத் திருப்பாமல், மேலே உட்கார்ந்தபடியே இரண்டு காலாலும் தரையை உந்தி உந்திப் பின்னால் தள்ளிக்கொண்டு வருவாள். எங்கள் வாசலுக்கே பல நாள் அப்படித்தான் வந்து சேர்ந்திருக்கிறாள், பின்பக்கம் முதலில்.

"இது மட்டும் சரியா?" என்றேன்.

"மூஞ்சி அந்தப் பக்கம்தானே பாக்குது? மலை வலது கைப் பக்கம்தானே இருக்குது? வண்டி எப்பிடிப் போனா இன்னா?"

நான் ஒத்துக்கொண்டேன். அவளோடு வாதம் பண்ணி ஜெயித்தவர்கள் யாரும் கிடையாது. லைசென்ஸ் எடுக்கப் போன இடத்திலும் இதே கதைதான். எட்டுப் போட்டுக் காட்டச் சொன்னார்களாம். எட்டில் ஒரு வளையம் ஒரு பக்கம் சுற்றும், இன்னொன்று எதிர்ப்பக்கம் சுற்றும். அதிகாரியிடம் போய், "சார், இந்த எட்டுக்குள்ள மலை ஏதாவது இருக்குதா?" என்று கேட்டிருக்கிறாள். அவர் முழித்திருக்கிறார். "இல்லல்ல? அப்ப எப்பிடி வேணா சுத்தலாம்," என்று சொல்லி, காலைத் தரையில் ஊன்றாமல் முதல் தடவையே போட்டு முடித்துவிட்டாள்.

ஒரு சமயம் எங்களிடம் தங்கியிருந்த ஆறடி உயர வெளிநாட்டுக்காரர் ஒருவர், பெரிய கோயிலுக்குப் போக ஆட்டோ தேடி வாசலில் நின்றார். பின்னால் இரண்டு கிலோமீட்டர்தான் கோயில். மாவக்கா கை காட்டி, "டெம்பிள்? கம், கம்," என்று ஏற்றிக்கொண்டாள். நான் தடுப்பதற்குள் வண்டி மேற்கே போய்விட்டது. மனிதர் சாயங்காலம்தான் திரும்பி வந்தார். கண்ணெல்லாம் கலங்கியிருந்தது. அந்த அம்மா வழி முழுக்க ஒரு வார்த்தை பேசவில்லை, தன் மடியில் ஒரு பாத்திரத்தைக் கொடுத்துப் பிடித்துக்கொள்ளச் சொன்னாள், சில வீடுகளில் மட்டும் நின்று வெள்ளையாக ஏதோ பிரசாதம் கொடுத்தாள், கடைசியில் கோயில் வாசலில் இறக்கிவிட்டபோதுதான் தனக்குப் புரிந்தது என்றார். பக்கத்தில் இருப்பதை அடைய உலகத்தையே சுற்ற வேண்டும் என்று அவள் தனக்குச் சொல்லாமல் சொல்லிவிட்டாளாம். அவள் சித்தரா என்று என்னைக் கேட்டார்.

மறுநாள் மாவக்காவிடம் சொன்னேன். "எனக்கு இங்கிலீசு தெரியாது, அதான் பேசல. கேனைப் புடிக்க ஆளு கெடச்சான், வுடுவனா?" என்றாள். அவர் ஊருக்குப் போகும் வரை தினமும் காலையில் வாசலில் நின்று அவளைக் கும்பிட்டார். அவளும் பெரிய மனது பண்ணிக் கும்பிட்டுக்கொண்டாள்.

பௌர்ணமியன்று மலை ரோட்டில் வண்டி விடமாட்டார்கள். அன்றைக்கு அவளுக்கு வியாபாரம் கிடையாது. வீட்டு வாசலில் இடுப்பில் கையை வைத்துக்கொண்டு நின்று, ஒரே பக்கமாக நடந்து போகிற அத்தனை கூட்டத்தையும் பார்த்துக்கொண்டிருப்பாள். "இன்னிக்கி ஒரு நாளாவது ஊரு ஒழுங்காப் போவுது," என்பாள். அவள் முகத்தில் அப்படி ஒரு நிம்மதியை நான் வேறு எந்த நாளிலும் பார்த்ததில்லை.

இந்த ஒழுங்குக்கு ஒரு மனிதர் தினமும் குறுக்கே வந்தார். கீழ்பென்னாத்தூரிலிருந்து மினி வேனில் அரிசி மூட்டை ஏற்றி வந்து அடி அண்ணாமலைக் கடைகளுக்குப் போடுகிறவர். டவுனுக்குள் வந்து வடக்குப் பக்கமாகப் போனால் அவருக்குக் கிட்ட. அதாவது, மலையை இடது கைப் பக்கம் வைத்துக்கொண்டு வருவார். தினமும் விடிகாலையில் வடக்கு ரோட்டில் குபேர லிங்கக் கோயிலுக்குப் பக்கத்தில் இரண்டு பேரும் நேருக்கு நேர் சந்தித்தாக வேண்டும். மாவக்கா ஒரு நாள் நடு ரோட்டில் கையை நீட்டி வேனையே நிறுத்திவிட்டாள்.

"யோவ், இன்னாய்யா இது, தினம் தினம் தப்புப் பக்கமாவே வர்ற?"

அவர் எட்டிப் பார்த்து, "நான் ரோட்டுல இடது பக்கமாத்தான வர்றேன்?" என்றார்.

"ரோட்டுக்கு இடது பக்கம் சரி. மலைக்கு?"

அவர் மலையைப் பார்த்தார், அவளைப் பார்த்தார், கியரைப் போட்டுப் போய்விட்டார். இது அவளே என்னிடம் சொன்னது. மறுநாளும் நிறுத்தினாள். அதற்கு மறுநாளும். நான்காவது நாள் எதிரே வேன் வரவில்லை. "பயந்துட்டான்," என்று எங்களிடம் வந்து பெருமையடித்துக்கொண்டிருந்தாள். நான் அவளுக்குப் பின்னால் பார்த்தேன். வேன் நின்றுகொண்டிருந்தது. மனிதர் டவுனுக்குள் காத்திருந்து அவள் பின்னாலேயே வந்திருக்கிறார். மொபெட்டின் வேகத்துக்கு வேனை உருட்டிக்கொண்டு, அந்த வேனுக்குப் பின்னால் இரண்டு பஸ்களும் ஒரு பால் வண்டியும் ஆரன் அடித்துக்கொண்டு வர, ஊர்வலம் மாதிரி வந்து சேர்ந்திருந்தார்.

"இன்னாய்யா பின்னாலயே வர்ற?"

"நீங்கதான எதிர்ல வராதன்னு சொன்னீங்க," என்றார்.

மாவக்கா மாவைக்கூட எண்ணாமல் கூடையோடு கொடுத்துவிட்டாள்.

அதற்கப்புறம் அவர் தினமும் பின்னால் வந்தார். ஆறு மாசம் வந்தார். அவருக்கும் அதுவரை கல்யாணம் ஆகவில்லை, குடும்பத்தைத் தூக்கி நிறுத்துவதிலேயே வயது போய்விட்டது. ஒரு ஞாயிற்றுக்கிழமை அவருடைய அக்கா பெண் பார்க்க வந்தார். பெண் வீட்டுப் பக்கம் நான்தான் இருந்தேன், கேசரியும் பஜ்ஜியும் போட. அந்த அம்மாவுக்குக் குரல் ஜாஸ்தி, சிரிப்பு கம்மி. மாவக்காவை மேலும் கீழும் பார்த்தார், கிரைண்டரைத் திருப்தியாகப் பார்த்தார், கேசரியை இரண்டு தடவை வாங்கிக்கொண்டார்.

"எல்லாம் சரிதான். பொண்ணு வண்டி ஓட்டறது, வியாபாரம் பண்றது, ஒண்ணும் தப்பில்ல. ஆனா இந்தச் சுத்தற பைத்தியம் மட்டும் கல்யாணத்தோட நின்னுடணும். நாளைக்கி எங்க வூட்டுக்கு வர்றதுக்கும் ஊரச் சுத்திக்கினு வந்தா ஜனங்க சிரிக்கும்."

மாவக்கா ஏதாவது வெடுக்கென்று சொல்வாள் என்று நான் பஜ்ஜி எடுப்பதை நிறுத்திவிட்டுக் காத்திருந்தேன். அவள் வேன்காரரைப் பார்த்தாள். அவர் காபி டம்ளருக்குள் பார்த்துக்கொண்டிருந்தார். எனக்கு அந்த மனிதர் மேல் ஆத்திரமாக வந்தது. ஆறு மாசம் ஆரன் சத்தத்தில் பின்னால் வந்தவருக்கு இப்போது வாயைத் திறக்க என்ன கேடு?

அவர்கள் போன பிறகு, காலித் தட்டுகளை அடுக்கிக்கொண்டே கேட்டாள்: "நிறுத்திடணுமாடா?"

"உங்க இஷ்டம்க்கா."

"நிறுத்தறது பெருசில்ல. வண்டியத் திருப்பினா திரும்பப் போவுது." கடைசித் தட்டையும் அடுக்கிவிட்டு, "அவுரு ஒரு வார்த்த சொல்லிருக்கலாம்," என்றாள். அவளுக்கு அந்த மனிதர் வேண்டும். தன் வலது கைப் பக்கத்து மலையும் வேண்டும். இரண்டில் ஒன்றுதான் கிடைக்கும் போலிருந்தது.

பெரிய கோயிலுக்குக் கிட்ட, செங்கம் ரோடு ஆரம்பிக்கிற இடத்தில் ஒரு சின்ன மண்டபம் பிடித்தார்கள். ஏழரை ஒன்பது முகூர்த்தம். ஒன்பதுக்குள் தாலி ஏறியாக வேண்டும். அன்றைக்கும் மாவு போட்டுவிட்டுத்தான் கல்யாணம் என்றாள் மாவக்கா. "என் கல்யாணத்துக்காக நாப்பது வூட்ல பசியோட உக்காரணுமா?" விடிவதற்கு முன்பே பட்டுப்புடவை கட்டிக்கொண்டு கிளம்பி, ஒரு சுற்று மாவு போட்டு முடித்து, இரண்டாவது சுற்றில் ஏழரைக்கு மண்டபத்தில் இறங்கிவிடுவதாகத் திட்டம். திட்டத்தில் தப்பில்லை. ஆனால் பட்டுப்புடவையும் தலை நிறைய பூவுமாக மாவு கொண்டு வந்தால் எந்த வீட்டில் சும்மா விடுவார்கள்? ஒவ்வொரு வாசலிலும் நிறுத்தி, புடவையைத் தொட்டுப் பார்த்து, குங்குமம் வைத்து அனுப்பினார்கள்.

ஏழே முக்காலுக்கு அவள் மண்டபத்து வாசலைக் கடந்தாள். கடந்தாள் என்றால் கடந்துதான் போனாள். மாப்பிள்ளை மாலையோடு வாசலில் நின்றிருந்தார், பக்கத்தில் அக்கா. மணப்பெண் மொபெட்டில் கேனோடு வந்து, கையை ஆட்டி, "பின்னாடி பக்கம்லாம் மாவு போட்டுட்டு அடுத்த சுத்துல வர்றேன்!" என்று கத்திவிட்டு நேராகப் போய்விட்டாள். அந்த அக்காவுக்கு நாற்காலி போட்டு விசிற வேண்டியிருந்ததாம்.

எங்கள் கெஸ்ட் ஹவுஸ் வாசலுக்கு வந்ததும் பின் சக்கரம் பஞ்சர். பஞ்சர் கடைக்காரருக்கு போன் போட்டோம். அவர் மண்டபத்தில் முதல் பந்தியில் உட்கார்ந்திருந்தார். "பொண்ணு வர்றதுக்குள்ள சாப்ட்டு வந்துடறேன்," என்றார். பொண்ணு இங்கேதான் இருக்கிறாள் என்று சொன்னால் அவருக்குப் புரியவில்லை. வந்தார், பார்த்தார், டியூபே போய்விட்டது என்றார். மணி எட்டே முப்பத்தைந்து.

நான் கெஸ்ட் ஹவுஸ் ஸ்கூட்டரை எடுத்து வந்தேன். முப்பதைத் தாண்டினால் இருமுகிற வண்டி அது. "ஏறுங்கக்கா. ரெண்டு கிலோமீட்டர். அஞ்சே நிமிஷம்."

அவள் ஏறவில்லை. "மேற்கே பாத்து வண்டிய நிறுத்து," என்றாள்.

"அக்கா, அந்தப் பக்கம் பன்னண்டு கிலோமீட்டர். ஸ்கூல் வேன், பஸ்ஸு, வேகத்தடை. இந்த வண்டியில முக்கால் மணி நேரம். முகூர்த்தம் போயிடும்க்கா!"

அதற்குள் போன் அடித்தது. மாப்பிள்ளையுடைய அக்காவின் குரல் போனை விட்டு வெளியே வந்து ரோட்டில் நின்றது. "ரெண்டு கிலோமீட்டர்ல இருந்துக்கினு இன்னா பண்ற? திரும்பி வாம்மா! ஒரு தடவ திரும்பினா மலை இன்னா கீழ வுழுந்துடுமா?"

மாவக்கா போனை அணைத்தாள். கண்ணில் தண்ணீர் நின்றது. அவள் அழுது நான் பார்த்ததில்லை. ஸ்கூட்டரைப் பார்த்தாள். மலையைப் பார்த்தாள். "இன்னிக்கி திரும்பினேன்னு வை, அப்புறம் தினமும் திரும்ப வேண்டிதுதான்," என்றாள், என்னிடம் இல்லை, தனக்கே.

எனக்குப் பதற்றத்தில் கோபம் வந்துவிட்டது. "அவ்ளோ கஷ்டமா இருந்தா பின்னால திரும்பி உக்காந்துக்கினு வாங்க!" என்று கத்தினேன்.

சத்தியமாகக் கிண்டலாகத்தான் சொன்னேன். அவள் முகம் மலர்ந்த மலர்ச்சியைப் பார்க்க வேண்டுமே. "டேய்! இத ஏன்டா மொதல்லயே சொல்லல?" என்று மீதி மாவு இருந்த கேனைத் தூக்கிக்கொண்டு, ஸ்கூட்டரில் என் முதுகோடு முதுகு ஒட்ட, பின்பக்கம் பார்த்து ஏறி உட்கார்ந்துவிட்டாள். கிழக்கே போகிற வண்டியில் மேற்கே பார்த்த மணப்பெண். மலை கச்சிதமாக அவளுடைய வலது கைப் பக்கம்.

அந்த ஐந்து நிமிஷத்தை நான் எப்படி ஓட்டினேன் என்று தெரியாது. எனக்குப் பின்னால் நடந்ததை நான் பார்க்கவில்லை, கேட்கத்தான் முடிந்தது. பின்னால் வந்த பஸ் டிரைவரிடம், "ஏம்ப்பா, இன்னா பாக்கற? எனக்குக் கல்யாணம்! மெதுவா வா!" என்கிறாள். காலேஜ் பிள்ளைகள் விசிலடிக்கிறார்கள். ஆசிரமத்து வாசலில் உட்கார்ந்திருந்த வெள்ளைக்காரர்கள் எல்லோரும் எழுந்து கும்பிடுகிறார்கள், அவளும் விடாமல் பதிலுக்குக் கும்பிடுகிறாள் என்பது ஸ்கூட்டர் ஆடிய ஆட்டத்தில் தெரிந்தது. ஒரு வேகத்தடையில் கேன் மூடி திறந்துகொண்டது. "போனாப் போவுது, ஓட்டு! புளிச்ச மாவுதான்!" என்றாள்.

மண்டபத்து வாசலில் பிரேக் பிடிக்கவில்லை. கூட்டத்தைத் தாண்டி இருபது அடி போய் நின்றேன். அப்போதுதான் நான் திரும்பிப் பார்த்தேன். மாவக்கா மாப்பிள்ளையை நேருக்கு நேர் பார்த்தபடி உட்கார்ந்திருந்தாள். அவரும் அவளைப் பார்த்துக்கொண்டு நின்றார்.

"தாண்டிட்டடா. தள்ளு பின்னால," என்றாள்.

நான் காலால் உந்தி உந்திப் பின்னால் தள்ளினேன். நாதஸ்வரக்காரர் இந்த மாதிரி வருகைக்கு என்ன வாசிப்பது என்று தெரியாமல் ஒரு நிமிஷம் நிறுத்திவிட்டு, அப்புறம் எதையோ வேகமாக வாசித்தார். அக்கா தலையில் கையை வைத்துக்கொண்டு உட்கார்ந்துவிட்டார். மணி எட்டே முக்கால் தாண்டியிருந்தது.

மணவறையில் மாப்பிள்ளை முதலில் கேட்டது, "எல்லா வூட்டுக்கும் மாவு போட்டாச்சா?"

"மேக்குப் பக்கம் எட்டு வூடு பாக்கி."

அவர் தலையை ஆட்டினார். அவளுடைய கன்னத்தில் ஒட்டியிருந்த மாவைத் தன் துண்டால் துடைத்துவிட்டுத் தாலியைக் கட்டினார். ஒன்பதுக்கு மூன்று நிமிஷம் இருந்தது. எல்லோரும் அட்சதை போட்டோம். எனக்கு மட்டும் இன்னும் மனசு அடங்கவில்லை. அந்தச் சுற்றைப் பற்றி இந்த மனிதர் இன்றுவரை வாயைத் திறக்கவில்லையே.

சாப்பாடு முடிந்து, கீழ்பென்னாத்தூரில் மாப்பிள்ளை வீட்டுக்கு விளக்கேற்றக் கிளம்பினார்கள். அரிசி மூட்டை வேன்தான், சாமந்தி மாலை போட்டு வாசலில் தயாராக நின்றது. டவுன் வழியாக நேராகப் போய்விடலாம் என்று அக்காவே முன்யோசனையாகக் கிழக்கே பார்த்து நிறுத்தச் சொல்லியிருந்தார். மாவக்கா முன் சீட்டில் ஏறினாள். புதுத் தாலியும் மாலையுமாக, சீட்டின் மேல் முட்டி போட்டு, பின்பக்கம் திரும்பி, சாய்மானத்தைக் கட்டிப் பிடித்துக்கொண்டாள். கீழ்பென்னாத்தூர் வரைக்கும் அப்படியே போகப் போகிறாள் என்று தெரிந்தது. கூட்டத்தில் சிரிப்புக் கிளம்பியது. அவள் சிரிக்கவில்லை.

மாப்பிள்ளை ஏறி உட்கார்ந்து கதவைச் சாத்தினார். அவளைப் பார்த்தார்.

"நேரா உக்காரு," என்றார்.

மாவக்காவின் முகம் விழுந்துவிட்டது. அவள் மெதுவாக இறங்கி, புடவையைச் சரி பண்ணிக்கொண்டு, முன்பக்கம் பார்த்து உட்கார்ந்தாள். கண்ணை இறுக மூடிக்கொண்டாள்.

அவர் ஸ்டீயரிங்கை வளைத்தார். முன்னால், பின்னால், முன்னால், பின்னால் என்று அந்தக் குறுகலான இடத்தில் நான்கு தடவை வண்டியை ஒடித்தார். இரண்டு ஆட்டோக்களும் ஒரு மாடும் ஒதுங்கின. வேன் மேற்கே பார்த்து நின்றது.

மாவக்கா கண்ணைத் திறந்தாள். மலை அவளுடைய வலது கைப் பக்கம் இருந்தது. "மீதி எட்டு வூட்டுக்கும் மாவு எங்க?" என்று அவர் கேட்டார். நான் ஓடிப்போய் ஸ்கூட்டரில் இருந்த கேனை எடுத்து ஜன்னல் வழியாகக் கொடுத்தேன். அவள் அதை மடியில் வைத்துக்கொண்டு, கேனுக்கு மேலே முகத்தை வைத்து அழுதாள், சிரித்தாள், இரண்டையும் சேர்த்துச் செய்தாள்.

அப்போதுதான் உள்ளே ஆரத்தித் தட்டு எடுக்கப் போன அக்கா வெளியே ஓடி வந்தார். வேன் நகர்ந்துவிட்டிருந்தது. "டேய்! கீழ்பென்னாத்தூரு இந்தப் பக்கம்டா! நான் ஏறலடா! நில்லுடா!"

மாப்பிள்ளை ஜன்னலுக்கு வெளியே தலையை நீட்டினார். வண்டியை நிறுத்தவில்லை.

"அடுத்த சுத்துல வர்றோம்க்கா!" என்றார்.